கோர்வையைப் பார்க்காத ட்ரேஸ்

கலைவாணிக்கு வளவளவென்று பேசுகிறவர்களைக் கண்டாலே ஆகாது. கணினி நிரலும் வாயை மூடிக்கொண்டு வேலை பார்க்க வேண்டும் என்பாள். ஓரிக்கை சாலையில் இருக்கும் எங்கள் சின்ன அலுவலகத்தில் எனக்கு அடுத்த நாற்காலி அவளுடையது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் தகடு அழுத்தும் பிரஸ்ஸை இயக்குவது அவள் எழுதிய நிரல்தான். கட்டளையைத் தட்டினால் பிரஸ் இறங்கும். திரையில் ஒரு வார்த்தை வராது.

அந்தப் பிரஸ்ஸில்தான் அவள் தம்பி குமரன் வேலை பார்த்தான்.

"பிரஸ்ஸோட கதவு மூடுறதுக்கு முன்னாடியே ஒரு வாட்டி எறங்கிடுச்சுக்கா" என்று அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நிரல் உள்ளே செய்வதை வரிவரியாகக் காட்டும் ட்ரேஸ் வசதியை எழுத உட்கார்ந்தாள்.

தறிவீட்டில் பிறந்தவள். சேலையின் உடல் வேறு, கரை வேறு என்று பிரித்துப் பார்த்தே பழகிய கண். ட்ரேஸையும் அப்படியே இரண்டாக்கினாள். ஒன்று பிரஸ்ஸின் அசைவைக் காட்டும், மற்றது கை உள்ளே போகாமல் தடுக்கும் பாதுகாப்புக் கதவை.

"எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டினா எவன் படிப்பான்?" என்றாள்.

தொழிற்சாலையில் இரண்டையும் தனித்தனியே ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை. இரண்டும் சரி என்று அவள் சொல்ல, நிறுத்தியிருந்த பிரஸ் மறுபடி ஓடியது; குமரன் ஷிஃப்டுக்குப் போனான்.

அன்று மதியம் சாப்பிட்ட கையோடு கலைவாணி எழுந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"சத்யா, சேலையில உடலும் கரையும் சேர்ற கோர்வையிலதாண்டி தப்பு வரும். அங்க நான் பார்க்கவே இல்ல."

எது முன்னால், எது பின்னால் என்று இரண்டையும் சேர்த்துக் காட்டும் மூன்றாவது ட்ரேஸை அவசரமாக எழுதி, பிரஸ்ஸைப் போலவே இயங்கும், எங்களிடம் இருந்த சின்ன மாதிரிப் பொறியில் ஓட்டினாள். வரிகள் ஓடின. ஓரிடத்தில் பிரஸ் முதலில் இறங்கியிருந்தது; கதவு அதற்குப் பிறகுதான் மூடியிருந்தது.

குமரனை அழைத்துப் பயனில்லை, தொழிற்சாலை வாசலிலேயே ஃபோனை வாங்கி வைத்துவிடுவார்கள். அங்கே மேற்பார்வையாளரான ஆனந்தராஜை ஸ்பீக்கரில் போட்டு அழைத்தாள்.

"சார், பிரஸ்ஸ நிறுத்துங்க!"

"ரெண்டு ட்ரேஸும் சரியா இருக்குதுன்னு நீங்கதானேமா சொன்னீங்க? நல்லா ஓடிக்கினு இருக்குது, கேளுங்க." அவர் ஃபோனைப் பிரஸ் பக்கம் நீட்டினார்.

கேட்டோம். தடக், தடக் என்று சீராக விழுந்த சத்தம் சட்டென்று நின்றது. யாரோ குமரன் பெயரைச் சொல்லி அலறினார்கள்.