சின்னவர் போட்ட கூரை

சின்னவருக்கு நாற்பத்தாறு வயது. மீசை பாதி நரைத்துவிட்டது, மகள் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டாள். இருந்தாலும் அவர் சின்னவர்தான். அண்ணன் பெரியவராக இருக்கிறவரை தம்பி வேறென்னவாக இருக்க முடியும்? பட்டறை இருவருக்கும் பொது என்றுதான் பேச்சு. ஆனால் வண்டியோடு வருகிறவர்கள் பெரியவரிடம்தான் பேசுவார்கள். பேசி முடித்ததும் அவர் உள்பக்கம் திரும்பி, "தம்பி பார்த்துப்பான்" என்பார். நசுங்கிய கதவு, துருப்பிடித்த தரை, லாரியில் இடித்த மூக்கு எல்லாவற்றையும் தம்பி இருபத்தைந்து வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

கீழே பட்டறை, மேலே இரண்டு அறைகளில் சின்னவரின் குடும்பம். சுத்தியல் விழும் சத்தத்தை வைத்தே கதவா மட்கார்டா என்று அவருடைய மனைவி சொல்லிவிடுவாள். இதெல்லாம் ஒரு திறமையா என்று அவளே அலுத்துக்கொள்வாள். "எங்கேயாவது போயிடலாங்க" என்று அவள் கேட்க ஆரம்பித்துப் பதினோரு வருஷம் ஆகிறது. போகலாம் என்றுதான் சின்னவரும் சொல்வார். ஒவ்வொரு முறையும் பெரியவர், "இந்த ஒரு வண்டிய முடிச்சிட்டுப் போயேன்" என்பார். அந்த வண்டி முடிவதற்குள் அடுத்தது வாசலில் வந்து நிற்கும். "அண்ணன் விட்டாத்தானே" என்று சொல்லிவிட்டுச் சின்னவர் சாப்பிட உட்காருவார். பாவம், அவளும் நம்பினாள். அவரே நம்பினார்.

இந்தத் தடவை விஷயம் கைக்கே வந்துவிட்டது. வேறு ஊரில் பஸ்ஸுக்குக் கூடு கட்டும் தொழிற்சாலையில், கூரை போடும் பிரிவுக்கு அவரை மேஸ்திரியாகக் கூப்பிட்டிருந்தார்கள். தங்க வீடும் தருகிறார்கள். திங்கட்கிழமை சேர வேண்டும். மனைவி மகளின் பள்ளிச் சான்றிதழை வாங்கிவிட்டாள், பாத்திரங்களை அட்டைப்பெட்டிகளில் கட்டிவிட்டாள். நாலு தட்டும் ஒரு வாணலியும் மட்டும் வெளியே இருந்தன. இனி இங்கே இன்னொரு வருஷம் என்றால் அவளுக்கு மூச்சு முட்டிவிடும் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

கடைசி வண்டி ஒரு பல் டாக்டருடையது. அவருடைய அப்பா வாங்கிய பழைய கார், கூரையில் திறந்து மூடும் கண்ணாடி சன்ரூஃப் வைத்தது. மழை பெய்தால் சன்ரூஃபைச் சுற்றியிருக்கும் வடிகுழாய்கள் அடைத்துக்கொண்டு, தண்ணீர் நேராக டாக்டரின் மடியில் விழும். "எனக்கு வானமும் வேணாம், நட்சத்திரமும் வேணாம். முழுத் தகடாப் போட்டு மூடிடுங்க" என்றார் அவர். அதே மாடலில் சன்ரூஃப் இல்லாத, முன்பக்கம் நொறுங்கிய ஒரு காரைப் பெரியவர் தேடிப் பிடித்தார். அதன் கூரைத் தகடு அப்படியே இருந்தது.

சின்னவர் கண்ணாடிகளைக் கழற்றினார், உள்கூரைத் துணியைக் கிழித்தார். சீட் இல்லாத காருக்குள் பலகை போட்டு மல்லாந்து படுத்து, சன்ரூஃபைச் சட்டத்தோடு இறக்கினார். தகடு ஒட்டியிருந்த வெல்டிங் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் துளைத்து எடுத்தார். துருத்தூள் கண்ணிலும் காதிலும் கொட்டியது. மூன்று நாள் அப்படியே மல்லாந்து கிடந்தார். எழுந்தால் திங்கட்கிழமை வந்துவிடும் போல ஒரு பயம் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை பழைய இரும்புக்காரன் வந்து, தகடு உரித்த காரின் மிச்சத்தை ஏற்றிக்கொண்டு போனான். வெள்ளிக்கிழமை சின்னவர் புதுக் கூரையைப் பொருத்திப் பார்த்து, நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். தகடு டொக்கென்று உள்ளே போனது. கையை எடுத்ததும் டொக்கென்று மேலே வந்தது.

அவர் குனிந்து கூரையின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். முழுக்கூரையைத் தாங்க நடுவில் குறுக்குச் சட்டம் ஒன்று வேண்டும். சன்ரூஃப் வைத்த காரில் அது கிடையாது, சன்ரூஃபின் சட்டமே அந்த வேலையைச் செய்துவிடும். அந்த இன்னொரு காரிலிருந்து தகட்டை உரித்தபோது சின்னவர் சட்டத்தை எடுக்காமல் விட்டுவிட்டார். அவர் அதுவரை மாற்றிய கூரையெல்லாம் குப்புற உருண்ட வண்டிகளின் கூரை. அவற்றில் சட்டம் வண்டியிலேயே இருக்கும். கை பழக்கத்திலேயே போய்விட்டது.

இரும்புக்காரனுக்குப் போன் போட்டார். வண்டியை நேற்றே அமுக்கிக் கட்டியாகிவிட்டது என்றான்.

சின்னவர் நேராக அண்ணனிடம் போனார்.

"வேணும்னேதானே அந்த வண்டியத் தூக்கிக் குடுத்தீங்க?"

"எந்த வண்டிய?"

"நடுச்சட்டம் அதுலதான் இருந்துச்சு. நான் போயிடக் கூடாதுன்னுதானே குடுத்தீங்க?"

பெரியவர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். "குடுக்கறதுக்கு முன்னாடி உன்னக் கேட்டேன்டா. நீ உள்ள படுத்திருந்த. எல்லாம் எடுத்தாச்சு, கொண்டுபோகச் சொல்லுங்கன்னு நீதான் சொன்ன."

சொன்னது நினைவுக்கு வந்தது. எரிச்சலோடு, வாயில் ஸ்குரூவைக் கவ்விக்கொண்டு சொன்னது.

"சரி விடு" என்றார் பெரியவர். "சட்டத்த நான் அடிச்சுக்கறேன். உன் அளவுக்கு வராது, ஒரு வாரம் இழுக்கும், இழுக்கட்டுமே. டாக்டர்கிட்ட நான் பேசிக்கறேன். நீ கிளம்பு. உன்னக் கட்டிப்போட்டு நான் என்ன பண்ணப் போறேன்?"

சாயங்காலம் அவரே மாடிப்படி ஏறிப்போய்ச் சின்னவரின் மனைவியிடமும் சொன்னார். "கட்டினதப் பிரிச்சிடாதம்மா. அவன் போறான்."

இப்படி ஒருவர் வழியை விட்டு ஒதுங்கிக்கொண்டால் யாரைத் திட்டுவது? சின்னவருக்கு அண்ணன் மேல் வந்த கோபம் இத்தனை நாள் வந்த கோபத்தையெல்லாம் மிஞ்சியது. பதினோரு வருஷமாகப் பூட்டியிருக்கிறது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்த கதவில் பூட்டே இல்லை. அந்தத் தொழிற்சாலையில் தகட்டை மிஷின் வளைத்துவிடுமாம். முப்பது பேரை மேய்க்க வேண்டுமாம். அங்கே "தம்பி பார்த்துப்பான்" என்று சொல்ல யாரும் கிடையாது. அவரேதான் முன்னால் நின்று பேச வேண்டும். 

அண்ணன் சொன்னதைக் காதில் வாங்காமல் சனிக்கிழமை முழுவதும் அவரே சட்டத்தை அடித்தார். தகட்டுப் பட்டையை மடக்கி, கூரையின் வளைவுக்குத் தட்டித் தட்டிக் கொண்டுவந்தார். ஞாயிறு காலையில் சட்டத்தைப் பற்றவைத்து, அதன் மேல் ரப்பர் பசை தடவிக் கூரையை இறக்கினார். சூட்டில் தகடு நெளியாமல் இருக்க முன்னால் ஒரு புள்ளி, பின்னால் ஒரு புள்ளி என்று தள்ளித் தள்ளி வெல்டிங் வைத்தார். மதியத்துக்குள் முடிந்தது. டாக்டர் வந்து, சொத்தைப் பல்லைத் தேடுகிறவர் மாதிரி கூரையை அங்கங்கே தட்டிப் பார்த்தார். "பிரமாதம். இது கம்பெனியிலேருந்து வந்த கூரைன்னுதான் எல்லாரும் சொல்வாங்க" என்றார். மிச்சம் பெயின்ட் அடிப்பதும் கண்ணாடி, சீட் மாட்டுவதும்தான், அதைப் பெரியவர் பார்த்துக்கொள்வார்.

இனி சொல்வதற்கு ஒரு சாக்கும் மிச்சமில்லை. மனைவி முதல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். பெரியவர் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். அப்போது போன் அடித்தது. தொழிற்சாலை மேனேஜர்.

"நாளைக்கு வந்துடுவீங்கல்ல மேஸ்திரி?"

சின்னவர் காரைப் பார்த்தார். "இல்ல சார்" என்றார். "அண்ணன் விட மாட்டேங்கறார்."

பெரியவர் குழாயை மூடினார். தம்பியின் முகத்தைப் பார்த்தார். பிறகு படியில் நின்றுவிட்டவளிடம், "ஆமாம்மா, நான்தான் போக வேணாம்னு சொன்னேன்" என்றார்.

அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. பெட்டியைப் படியில் வைத்துவிட்டுக் கணவனைப் பார்த்தாள்.

"அவர ஏங்க பொய் சொல்ல வைக்கறீங்க?" என்றாள் மெதுவாக.

 போன் சின்னவரின் காதிலேயே இருந்தது. "ஒரு வாரம் கழிச்சு வந்தாலும் சரிதான் மேஸ்திரி, அண்ணன்கிட்ட கேட்டுச் சொல்லுங்க, நான் லைன்லயே இருக்கேன்" என்று மேனேஜர் சொல்லிக்கொண்டிருந்தார்.