அசல் ஜி.ஐ. பைப்

நிலவறைப் படிகளில் அருள்நாயகம் பின்பக்கமாகத்தான் இறங்குவார், ஏணியில் இறங்குவதுபோல. முழங்கால்கள் இரண்டும் எப்போதோ கைவிட்டுவிட்டன. "முன்னாலை பாத்து இறங்கினால் பயமாக் கிடக்கு. பின்னாலை இறங்கினால் ஒண்டும் தெரியாது" என்பார். ரொறன்ரோவில் இருபத்தாறு வருடமாகக் குழாய் வேலை. அதில் பாதி, பிறத்தியாரின் நிலவறைகளில் குனிந்தபடியே போயிற்று.

சட்டைப்பையில் எப்போதும் ஒரு காந்தம் இருக்கும். பீட்சாக் கடைக்காரன் சும்மா கொடுத்தது. பழைய வீடென்றால் அதைத்தான் முதலில் குழாயில் வைப்பார். ஒட்டாமல் விழுந்தால் செம்பு; பேசாமல் வேலையைப் பார்ப்பார். ஒட்டிக்கொண்டால் துத்தநாகம் பூசிய இரும்பு, அதுதான் ஜி.ஐ. "ஐயோ கடவுளே, இன்னொண்டு" என்று கடைசிப் படியிலேயே குந்திவிடுவார். வேலைக்குச் சலிப்பவரில்லை அந்த மனிதர். ஆசையாக வீடு வாங்கிய சனத்தின் முகத்தைப் பார்த்து, எல்லாக் குழாயையும் மாற்றவேண்டும் என்று சொல்லவேண்டுமே! "சொல்லேக்கைதான் சீவன் போகுது."

போன செவ்வாய், ஈஸ்ற் யோர்க்கில் ஒரு பழைய வீடு. குசினிக் குழாயில் தண்ணீர் நூலாக வருகிறதென்று கூப்பிட்டவள் பிரதீபா. தோளில் நாலு மாதக் குழந்தை. கூடவே நிலவறைக்கு இறங்கி வந்தவர் அவளுடைய மாமனார் இராசரத்தினம். வீட்டைத் தெரிவு செய்தவரே அவர்தான். ஊரில் கிணற்று மோட்டருக்கு ஜி.ஐ. பைப் போட்டவன் வசதிக்காரன்; மற்றவனுக்கெல்லாம் பிளாஸ்ரிக். அந்த நினைப்போடு, வீடு வாங்கும்போது இங்கேயும் குழாயைத் தட்டிப் பார்த்தார். வீட்டைப் பரிசோதிக்க ஆள் ஒன்றும் தேவையில்லை என்று மகனுக்கும் சொல்லிவிட்டார்.

"தம்பி, உது அசல் ஜி.ஐ. சுத்தியலாலை அடிச்சாலும் நெளியாது."

"ஓம் அண்ணை, நெளியாது" என்றார் அருள்நாயகம். அது பொய்யில்லையே. தண்ணீரைப் பூட்டிவிட்டு ஒரு சாண் அறுத்து எடுத்தார். வெளியே ஒரு கீறல் இல்லை. உள்ளே துரு அடைத்து, பென்சில் போகத்தான் வழி இருந்தது.

வழக்கமாக அந்தத் துண்டை நிலத்தில் தட்டி, துருவைக் கொட்டிக் காட்டுவார். கண்ணால் கண்டால்தான் சனம் நம்பும். கிழவரின் முகத்தைப் பார்த்ததும் கை எழவில்லை. ஆனால் பிரதீபாவின் கையில் பால் போத்தல் இருந்தது. சொல்லாமல் போகவும் மனம் கேட்கவில்லை.

"பிள்ளை, தண்ணியை டெஸ்ற் பண்ணி முடியுமட்டும் குழந்தைக்கு உதிலை பால்மா கரைக்க வேண்டாம். உப்பிடிப் பழைய பைப்புக்குள்ளை ஈயம் படிஞ்சிருக்கலாம்."

"மாமா ஒவ்வொரு நாளும் நல்லாக் கொதிக்க வைச்சுத்தானே தாறவர், அங்கிள்?"

"கொதிச்சாலும் ஈயம் போகாது."

பிரதீபா குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றினாள். மாமனாரின் பக்கம் திரும்பவேயில்லை.

"அண்ணை, பைப்பிலை பிழையில்லை" என்றார் அருள்நாயகம். "வேலிக்குப் போடுங்கோ, படிக்குக் கைபிடி போடுங்கோ, உதைப்போலை பலம் வராது. வருசக்கணக்கா உள்ளுக்கை தண்ணி ஓடினால்தான் அரிச்சுப்போடும்."

அருள்நாயகம் ஒரு பெருமூச்சோடு மாற்றவேண்டிய அடுத்த குழாயில் இரும்பறுக்கும் வாளை வைத்தார். குழாய் ஆடியது. வாள் வழுக்கியது.

கிழவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் மெல்லக் குந்தினார்.

"வெட்டும், தம்பி" என்று சொல்லி, ஆடிய குழாயை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.