சுருதி விலகிய மதியம்

போன செவ்வாய்க்கிழமை மதியம் என் மனைவி மெர்சி தூங்கிவிட்டாள்.

இதெல்லாம் ஒரு செய்தியா என்கிறீர்களா? சில மாதங்களாக அவளுடைய இடது காதுக்குள் ஒரு விசில் – ஓயாமல். டாக்டர் சோதித்துவிட்டு, "பழகிக்கிருங்கம்மா" என்றார். வகுப்பறைக் கூச்சலுக்கே பழகிய ஆசிரியைதான். இதற்குப் பழக முடியவில்லை. தூக்கம் போயிற்று.

அன்று தூங்க வைத்தது மருந்தல்ல... என் சின்தசைஸர்.

பழைய அனலாக் ரக மின்னிசைக் கருவி. பீரோ அகலத்துக்கு ஒரு பெட்டி. அதில் ஒரு பலகை ஒலியை உண்டாக்கும், ஒன்று வடிகட்டும், ஒன்று அசைக்கும். எதை எதோடு சேர்ப்பது என்பதை நாம்தான் வயர் சொருகித் தீர்மானிக்க வேண்டும். சென்னையில் ரெக்கார்டிங் ஸ்டூடியோவை மூடிய மைத்துனர் என் தலையில் கட்டியது.

செவ்வாயன்று பெட்டி இருக்கும் அறையில் ஃபேன் ஓடவில்லை, ரிப்பேர். இரண்டு ஒலிகளை ஒரே சுருதியில் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். வெக்கையில் இரண்டும் மெல்ல இறங்கின. ஒன்றையொன்று உரசி, விலகி, மறுபடி தேடி... நெல்வயலில் காற்று படுத்து எழுவது போல.

மெர்சி கதவோரம் வந்து நின்றாள். "ஏங்க... விசிலைக் காணோங்க."

அடுத்த அறைக்குப் போய்ப் படுத்தவள் விளக்கு வைக்கும் நேரம்வரை எழவில்லை.

தல்லாகுளத்து ஆபீஸ் ஒன்றில் ஆயுள் முழுக்க விதிமுறை பார்த்தவன் நான். நல்லது ஒன்று நடந்துவிட்டால் அதை ஒழுங்குபடுத்தாமல் விடுவேனா? மறுநாள் ஃபேனைச் சரிசெய்தேன். கருவியை அரைமணி நேரம் சூடேற விட்டேன். சுருதி காட்டும் ட்யூனரை வைத்துக்கொண்டு, சிறு ஸ்க்ரூடிரைவரால் திருகி, சுருதியை இம்மி பிசகாமல் நிறுத்தினேன்.

மெர்சி படுத்தாள். உடனே எழுந்து உட்கார்ந்தாள்.

"என்னத்தப் பண்ணி வச்சீங்க?"

"இப்பத்தான் சரியா இருக்கு."

"எம்புட்டுச் சரியா இருந்தா எனக்கென்ன? விசில் தனியாக் கேக்குது. அன்னைக்குக் கெட்டுப்போய்க் கெடந்துச்சே, அப்படியே விட்டா என்ன?"

அடுத்த இரண்டு நாளும் திருகாத குமிழ் இல்லை. சுருதியை இறக்கினால் இறங்கிய இடத்தில் நின்றது. அவ்வளவுதான். மெர்சியின் கண்கள் குழி விழுந்தன. "அந்தச் சத்தம் வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தவள், சனிக்கிழமை கேட்பதையே விட்டுவிட்டாள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

செவ்வாயன்று இருந்த எது இன்று இல்லை? ட்யூனரையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு உறைத்தது – வெக்கை! அவள் தூங்கியது ஒரு சுருதியில் அல்ல, சுருதி நழுவும் நழுவலில்.

எழுந்து ஃபேனை அணைத்தேன்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஓர் ஒலி லேசாக அசைந்தது... மற்றது பின்னாலேயே போனது. வெயில், சுவர், வேப்பமர நிழல் எல்லாமே கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவது போலிருந்தது. அடுத்த அறையை எட்டிப் பார்த்தேன். மெர்சியின் கை கட்டிலிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. விரல்களில் அசைவில்லை. லேசான குறட்டை.

மாடியில் குடியிருக்கும் செல்வம் ஜன்னலில் தலையை நீட்டினார். "என்னண்ணே, ஃபேன் ஓடல, வயரெல்லாம் வெளிய தொங்குது? மேல கரண்ட் இருக்கே... ஆளு அனுப்பச் சொல்லவா?"

உதட்டில் விரலை வைத்தேன். வேர்வையில் என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, பூனை போல் படியேறிப் போனார்.

கோடைக்கால மதுரையில், நட்ட நடுப்பகலில், ஓடுகிற ஃபேனை அணைத்துவிட்டு ஒருவன் உட்கார்ந்திருந்தால் அவன் பைத்தியமாக இருக்க வேண்டும்... அல்லது கல்யாணமாகி வெகுகாலம் ஆகியிருக்க வேண்டும்!