நேட்டாலுக்குப் போய்த் திரும்பிய ஊறுகாய்

எங்கள் சுரங்கக் கூலி லைன் வீடுகளில் இங்கிலீஷில் விலாசம் எழுதத் தெரிந்த ஒரே பெண் நான்தான். எங்கள் வம்சத்திலேயே பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆளும் நானே. மிஷன் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். தண்ணீருக்குப் போனால்கூட ஒரு புத்தகத்தை இடுக்கிக்கொண்டு போவேன். அப்புறம் குடத்துக்கு இடுப்பில் இடமிருக்காது. அம்மாதான் வந்து தூக்குவாள்.

அந்த நாளில்தான் நேட்டாலிலிருந்து அண்ணனின் கடிதம் வந்தது.

அண்ணன் இங்கே தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவன். ஒரு நாள் கீழே பாறை சரிந்து, பக்கத்தில் நின்றவர் செத்துப்போனார். இனிமேல் சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜில் ஏறமாட்டேன், கப்பலேறிக் கரும்புத் தோட்டத்துக்குப் போகிறேன் என்று நின்றான் அண்ணன். அந்தச் சுரங்க வேலையை வாங்கித் தர மேஸ்திரி வீட்டு வாசலில் எத்தனையோ நாள் காத்துக் கிடந்தவள் அம்மா. "போடா. போனா இனிமே என் கையால உனக்கு சோறு கெடையாது" என்றாள். அவன் போய்விட்டான். கரும்புக்கென்று கப்பலேற்றியவனை அங்கே நிலக்கரிச் சுரங்கத்தில் இறக்கிவிட்டார்கள்.

ஒன்றரை வருஷம் கழித்து, யாரையோ பிடித்து எழுதச்சொல்லி அனுப்பிய கடிதம் அது. "இங்கே தினமும் மக்காச்சோளக் கஞ்சி. நாக்கு செத்துவிட்டது. அம்மாவுக்குக் கோபம் தீர்ந்திருந்தால் கொஞ்சம் நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பச் சொல். தீராவிட்டால் வேண்டாம். மேல்விலாசத்தில் என் கூலி நம்பரை மறக்காமல் போடு."

நான் வாசித்து முடித்ததும் அம்மா எழுந்து உப்புப் பானைக்குள் எட்டிப் பார்த்தாள். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அந்த ஊறுகாய்தான் அவள் எழுதப்போகும் பதில் என்பது எனக்குப் புரிந்தது. புரிந்தும், அதன்மேல் என் கையெழுத்து எவ்வளவு அழகாக விழும் என்பதிலேயே என் புத்தி இருந்தது.

அம்மா உப்பை வறுத்தாள். நல்லெண்ணெயைக் காய்ச்சி ஆறவைத்தாள். காய் வெயிலில் சுருண்டு கிடந்த நாட்களில் ஈரக்கையோடு யாரையும் அந்தப் பக்கம் விடவில்லை. கடலில் போகிற சாமான் என்று இன்னும் ஒரு கை உப்பை அள்ளிப் போட்டாள். கொள்ளுப் பொடியும் இடித்துவைத்தாள்.

என் பங்குக்கு நான் ஒரு கேக் செய்தேன். மிஷன் பங்களாவில் ஜன்னல் வழியாகப் பார்த்துக் கற்றது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நடந்ததில் பாதிதான் எனக்குத் தெரிந்திருந்தது.

"இது எத்தினி நாள் தாங்கும்?" என்றாள் அம்மா.

"வெள்ளைக்காரங்க சீமையிலிருந்தே கொண்டாராங்கம்மா."

"அவுங்க கொண்டாரது தகர டப்பாவுல. நீ பண்ணது வரட்டி மாதிரி இருக்குது."

ஊறுகாயைப் பீங்கான் ஜாடியில் அடைத்து, வாயை மெழுகுத் துணியால் இறுக்கிக் கட்டினாள். ஒரு பெரிய பிஸ்கட் டின்னில் ஜாடியை நிறுத்திச் சுற்றிலும் உமியைக் கொட்டினோம். பொடி, கேக், நான் எழுதிய நாலு பக்கக் கடிதம் எல்லாம் உள்ளே போயின. கடிதத்தில் அண்ணனுக்குப் புத்திமதிதான் அதிகம். தகரவேலை செய்யும் பாய் மூடியைச் சுற்றி ஈயம் பற்றவைத்தார். அதன்மேல் காடாத்துணி வைத்துத் தைத்து, நான் பேனாவோடு உட்கார்ந்தேன்.

அண்ணன் பெயருக்கு முன்னால் "மிஸ்டர்" போட்டேன். பெயரை வளைத்து வளைத்து எழுதினேன். சுரங்கத்தின் பெயர், ஊர், தேசம் எல்லாம் எழுதினேன்.

"நம்பரு?" என்றாள் அம்மா.

"எங்கண்ணன் இன்னா ஆடா மாடா, நம்பர் போட்டுக் கூப்பிட?"

"இங்க மட்டும் இன்னாடி? பித்தள வில்லையில நம்பரு இல்லாம எவனாச்சும் கூலி குடுத்தானா? அவனே எழுதச்சொல்லியிருக்கான், போடு."

"நீ சும்மா இரும்மா. உனக்குத் தெரியாது."

நம்பர் போடவில்லை. மீதியிருந்த மூன்று பக்கத்திலும் அனுப்புநர் என்று என் பெயரையும், ஆசிரியை என்பதையும், வீட்டு விலாசத்தையும் கொட்டை எழுத்தில் எழுதினேன். ராபர்ட்சன்பேட்டைத் தபால் ஆபீஸ் குமாஸ்தா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாங்கம்மா, பார்சல் உங்களுக்கா, அவருக்கா?" என்றார். என் கையெழுத்தில் மயங்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு வீடு வந்தேன்.

அதன்பிறகு அம்மா தபால்காரரைப் பார்த்தபோதெல்லாம் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். "சேந்திருக்குமாடி?" என்பாள். நான் உலகப்படத்தை விரித்துக் கப்பல் இந்நேரம் எங்கே போய்க்கொண்டிருக்கும் என்று விரல் வைத்துக் காட்டுவேன். நான் காட்டிய கடலில் அது ஒருவேளை திரும்பி வந்துகொண்டிருந்திருக்கும்.

அனுப்பிய எட்டாம் மாசம் பெட்டி தபால் ஆபீஸுக்குத் திரும்பி வந்தது. அண்ணன் பெயருக்குக் குறுக்கே சிவப்பு மையில் ஆள் தெரியவில்லை என்று எழுதியிருந்தது. என் விலாசம் மூன்று பக்கத்திலும் ஒரு புள்ளி அழியாமல் பளிச்சென்று இருந்தது.

குமாஸ்தா நம்பர் எங்கே என்று தேடிவிட்டுச் சிரித்தார். "எங்க அத்தை மவன் அங்கதான் இருக்கான். பேரச் சொல்லிக் கூப்டா நம்ம ஆர்க்காட்டு ஆளு பத்து பேரு திரும்பிப் பாப்பாங்களாம். நம்பரத்தான் கேப்பாங்க. ஆனா டீச்சரம்மா உங்க விலாசம் இருக்குது பாருங்க, நிலாவுல போட்டாலும் திரும்பி வந்துரும்."

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பாய் மூடியை அறுத்தார். குப்பென்று ஒரு வாடை அடித்தது. கேக்மேல் பூனைக்குட்டி போலப் பச்சை ரோமம் முளைத்திருந்தது. பாய் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டார். அம்மா ஜாடியின் துணியை அவிழ்த்து, காய்ந்த கரண்டியால் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். இரண்டு முறை கடல் தாண்டிய ஊறுகாய் நேற்றுப் போட்டதுபோல இருந்தது.

அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"அப்போ அவன் இன்னும் நான் கோவமா இருக்கறேன்னு நெனச்சினு இருக்கான்" என்றாள்.

நான் அண்ணனின் கடிதத்தைத் தேடி எடுத்து, அந்த நம்பரை இரண்டு முறை வாசித்துக்கொண்டேன்.

அன்றைக்கே பெட்டியை மறுபடி கட்டினோம். கேக் இருந்த இடத்தில் கருவாடு போயிற்று. புதுத் துணியில் முதல் வரியாக நம்பரை எழுதினேன். அம்மாவுக்கு அதிலும் நம்பிக்கை வரவில்லை. துணி தைப்பதற்கு முன்பே, பாயிடம் சொல்லி மூடியில் ஆணியால் அதே நம்பரைக் குத்தவைத்திருந்தாள். என் விலாசம் ஒரு மூலையில், கடுகளவு எழுத்தில் அடங்கியது. கடிதத்தை மட்டும் எடுக்க மனம் வரவில்லை. ஜாடிமேலேயே இருக்கட்டும் என்று விட்டேன்.

நாலு மாசம் கழித்துப் பதில் வந்தது. அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து என் எதிரில் நின்றாள். நான் வாசித்தேன்.

"ஊறுகாய் வந்தது. அம்மாவுக்கு நமஸ்காரம். ஜாடி கொஞ்சம் கசிந்ததில் தங்கச்சி கடிதம் எண்ணெயில் ஊறி ஒரு எழுத்தும் தெரியவில்லை. அந்தக் காகிதத்தையும் விடவில்லை, கஞ்சிக்குத் தொட்டுக்கொண்டோம். ஊறுகாயில் உப்பு கூடுதல்."

"இன்னா இன்னா, கடைசியா இன்னா எழுதியிருக்கான்?"

"உப்பு கூடுதலாம்."

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நான் கிட்டே போனேன்.

"கொழுப்பப் பாரு அவனுக்கு" என்றாள், சிரிப்பை அடக்கமாட்டாமல். "அத மட்டும் இன்னொரு வாட்டி படிடி."