எந்த ஊர் எம்.பி. என்று எழுதியிருக்கிறதா?

திருவொற்றியூர்க் கடலோரத்தில் இருக்கும் எங்கள் சின்ன மீன் மார்க்கெட்டில், பெண்களுக்கென்று கழிப்பறை கட்டி முடித்து இரண்டு மழைக்காலம் போய்விட்டது. திறக்கத்தான் ஆளில்லை. வாசலில் சிவப்பு ரிப்பன், கதவில் பூட்டு, சுவரில் கல்வெட்டு; திறந்து வைத்தவர் பெயர் போடும் இடம் மட்டும் காலி. "கொறைஞ்சது ஒரு எம்.பி.யாவது வந்து ரிப்பன் வெட்டணும்மா" என்பார் சாவி வைத்திருந்த அதிகாரி. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சாவி சார். மீன்காரப் பெண்கள் சங்கத்தில் மனு எழுதுகிற வேலை என்னுடையது. எழுதி எழுதிக் கை வலித்ததுதான் மிச்சம்.

கேட்பதற்குச் சிரிப்பாக இருக்கலாம். காலையில் கடை போட்டால் மதியம் வரை எங்கும் ஒதுங்க இடம் கிடையாது. அதனால் நாங்கள் யாரும் தண்ணீரே குடிப்பதில்லை. எதிர்க்கடை அக்காவுக்குச் சிறுநீரில் ரத்தம் போய், தண்ணீர் குடிக்காவிட்டால் கிட்னி போய்விடும் என்று டாக்டர் திட்டி அனுப்பியிருந்தார். அப்படியும் அவள் வாயைக் கொப்பளித்துத் துப்புவாளே தவிர, ஒரு மடக்கு விழுங்க மாட்டாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் இன்னொரு மனு எழுத உட்காருவேன்.

அப்போதுதான் ஒரு தொண்டு நிறுவனத்தார் பெண் விருந்தாளி ஒருவரை அழைத்து வந்தார்கள். அமேசான் ஆற்றங்கரைக்காரர். குடித்துவிட்டு அடிக்கிற ஆண்களை எதிர்த்து, படகில் ஊர் ஊராகப் போய்ப் பெண்களைத் திரட்டி, கடைசியில் தன் நாட்டு நாடாளுமன்றத்துக்கே ஜெயித்துப் போனவர். எம்.பி. என்றால் பத்து கார் வருமென்று நாங்கள் வழியெல்லாம் கழுவி வைத்திருந்தோம். அவரோ கழுத்து நிறைய மணிமாலையோடு ஷேர் ஆட்டோவிலிருந்து குதித்தார். நேராக எதிர்க்கடைக்குப் போய் ஒரு கொடுவா மீனைத் தூக்கி, செவுளைத் திறந்து பார்த்து, மூக்கைச் சுளித்துத் திரும்ப வைத்தார்.

"அய்ய! வந்ததும் வராததுமா என் யாவாரத்துல மண்ணைப் போடுதே!" என்று கத்திய அக்கா, அடுத்த நொடியே, "ஏய், இது நம்ம ஆளுமே!" என்று அவரைக் கட்டிக்கொண்டாள்.

உட்கார வைத்து மோர் கொடுத்தோம். மொழிபெயர்க்க வந்த பெண் திணறத் திணற, பிள்ளைகள் எத்தனை, புருஷன் சமைப்பாரா என்று எல்லாவற்றையும் விசாரித்தோம். மூன்று தம்ளர் மோர் உள்ளே போனதும் அவர் மெதுவாக ஏதோ கேட்டார்.

"பாத்ரூம் எங்கன்னு கேக்குறாங்க" என்றாள் மொழிபெயர்த்தவள். மார்க்கெட்டே அந்தப் பூட்டிய கதவைத் திரும்பிப் பார்த்தது.

என் மண்டையில் பல்பு எரிந்தது. விருந்தாளிக்குப் போடக் கையில் மாலையோடு வந்து நின்ற சாவி சாரைப் பிடித்துக்கொண்டேன்.

"சார், கொறைஞ்சது ஒரு எம்.பி.ன்னு சொன்னியே. இதோ கீறாங்க. தொற."

"என்னம்மா விளையாடறியா? அவங்க வேற நாட்டு எம்.பி.!"

"எந்த ஊரு எம்.பி.ன்னு எங்கனாச்சும் எழுதி வெச்சிகீறியா?"

விஷயம் விருந்தாளிக்குப் போனது. அப்படியானால் நீங்களெல்லாம் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். அக்கா வெட்கப்படாமல் எல்லாவற்றையும் சொன்னாள், ரத்தம் போனதையும். அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. எழுந்து ரிப்பன் முன்னால் நின்று கையை நீட்டினார். அக்கா தன் மீன் வெட்டும் கத்தியைக் கொடுத்தாள். ஒரே வீச்சு! நாங்கள் மீன் சுமக்கும் அலுமினிய அன்னக்கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு அடித்த அடியில் காக்கைகளெல்லாம் பறந்து ஓடின. விருந்தாளி அவசரத்தில் கால் மாற்றி நிற்கும்போது சாவி சார்தான் என்ன செய்வார்? திறந்துவிட்டார்.

விருந்தாளியோ அக்காவை முதலில் உள்ளே தள்ளினார்.

"பைப்புல தண்ணி வருதுமே!" என்று உள்ளிருந்து கூச்சல். நான் ஆடிய குத்தாட்டத்தை யாரோ செல்போனில் பிடித்து, என் மருமகன் வரைக்கும் மானம் போய்விட்டது. போகட்டுமே!

மறுநாள் சாவி சார் புதுப் பூட்டோடு வந்தார். முறையான திறப்பு விழா நடக்கும்வரை பூட்டி வைக்கச் சொல்லி உத்தரவாம்.

"உள்ள ஆளு கீது சார்" என்றேன்.

டீ குடித்துவிட்டு வந்தார். "இப்பவும் ஆளு கீது சார்."

அவர் அந்தப் பக்கம் போனதும் முறை போட்டுக்கொண்டோம். சாயங்காலம் வரை கதவு சும்மா இருக்கக் கூடாது. "பொய்யா போய் குந்திகினு இருக்க என்னால ஆவாது, நெஜமாவே வரணும்" என்றாள் அக்கா. டீக்கடையிலிருந்து இருபது லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றைத் தூக்கி வரச் செய்தாள். சொம்பு நிறையப் பிடித்து, அண்ணாந்து, மடமடவென்று குடித்தாள். இரண்டாவது சொம்பும் குடித்தாள். அவள் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டின.

சொம்பை என் கையில் திணித்தாள். "இன்னாத்த பாத்துகினு கீற? அடுத்து நீதான். குடி."