பார்வதி அக்காவின் ஏழு பிள்ளைகள்

அன்று நான் சொல்லாமல் விட்டது ஒரே சொல்: "உண்டு." பார்வதி அக்கா இறந்துவிட்டார் என்று சென்ற வியாழனன்று எங்கள் ஊர் டாலா படகுத்துறையில் கேட்டபோதும், அந்தச் சொல்தான் நினைவுக்கு வந்தது.

அரசு உதவியில் நடக்கும் எங்கள் குழந்தைகள் காப்பகத்தில் அவர் பொறுப்பாளர், நான் எழுத்தர். ஆற்றைக் கடந்து வேலைக்குப் போகும் தாய்மார் விடியற்காலையில் பிள்ளைகளை விட்டுச் செல்வார்கள். கட்டணமில்லை, மதியச் சோறும் உண்டு. ஆனால் பிள்ளையின் பெயர் நம் வட்டாரக் குடும்பப் பட்டியலில் இருக்க வேண்டும். வெளியூரிலிருந்து வந்து வாடகை அறையில் இருப்பவர்களுக்கு அது ஏது?

அப்படி வெளியூரிலிருந்து வந்து தையல் ஆலையில் வேலை கிடைத்த மா தூசா என்ற பெண், இரண்டு வயது மகளோடு வாசலில் நின்றாள். நான் பட்டியலைக் கேட்டேன். அக்கா குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"பட்டியல்ல பேர் இல்லாத பிள்ளைக்கு மூக்கு ஒழுகாதா? எழுது, என் தங்கச்சி மகன்னு."

"மகள்க்கா."

"சரி, மகள்னே எழுது."

இப்படி ஏழு பேர் அவருடைய தங்கை பிள்ளைகள் ஆனார்கள். பிறந்த தேதிகளை மட்டும் மாற்றவில்லை. பர்மிய வழக்கப்படி பிறந்த கிழமையை வைத்துத்தான் தாய்மார் பெயரிட்டிருந்தார்கள். அதைத் தொட அக்காவுக்கு மனம் வரவில்லை.

சோதனைக்கு வந்த பெண் அதிகாரி பதிவேட்டைப் புரட்டி, பெயருக்கு முன் மரியாதைக்கு 'டோ' போட்டே கேட்டார். "டோ பார்வதி, உங்க தங்கச்சி ரெண்டு மாசத்துக்கு ஒரு பிள்ளை பெத்தாங்களா?"

"எனக்கு ரெண்டு தங்கச்சிங்க, சயாமா. எங்க ஆளுங்க வீட்ல எப்பவும் கூட்டந்தான்" என்று அக்கா சிரித்தார்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீ இவங்க பக்கத்து வீடுதானே? தங்கச்சிங்க உண்டா?"

அக்கா ஒற்றைப் பிள்ளை. நான் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏழு பெயர்களையும் அடித்தார்கள். அக்காவையும் வேலையிலிருந்து நீக்கினார்கள். வீடு திரும்பும் வழியில், "விடு தங்கச்சி. பொய் சொல்ல நான் ஒருத்தி போதாதா?" என்றார். ஆறுதலா, குத்தலா என்று தெரியவில்லை.

பிறகு அந்த ஏழு பேரையும் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார். மூச்சிரைப்போடு, இறப்பதற்கு முந்தைய நாள்வரை பார்த்தார் என்பது அவரை அறிந்த டாலாக்காரர்களான உங்களுக்குத் தெரியும்.

வாசலில் நிற்பவரிடம் முதலில் பிள்ளையின் பெயரைக் கேட்கும் பழக்கம் அவரிடமிருந்து எனக்கு வந்தது. பட்டியலை அப்புறம்தான் கேட்கிறேன். கேட்காமல் இருக்கும் துணிவு வரவில்லை.

காப்பகத்தில் அந்த ஏழு இடங்களும் காலியாகவே இருக்கின்றன. அக்காவை எரித்த மறுநாள், மா தூசா மகளை வாடகை அறைக்குள் தனியாக விட்டுப் பூட்டிவிட்டு முதல் படகில் வேலைக்குப் போனாள்.