மூடியைத் திற

வாட்ச் பாக்கியநாதன் அண்ணாச்சி இறந்த செய்தியை எங்கள் பள்ளிக்கூடத்துப் பியூன்தான் கொண்டுவந்தார். எட்டாம் வகுப்புக்கு இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று, "டீச்சர், வாட்ச் அண்ணாச்சி போயிட்டாவ. சாயங்காலம் அடக்கமாம்" என்றார். தலையை ஆட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தேன். கண்ணீர் வரவில்லை. வந்தது என்று எழுதினால் அவரை அறிந்த நீங்களே சிரிப்பீர்கள்.

நினைவு மலருக்கு ஒரு பக்கம் வேண்டும் என்று கடைவீதிக்காரர்கள் கேட்டார்கள். தமிழ் டீச்சர் என்றால் செத்தவர்களைப் புகழ்வதற்கென்றே சம்பளம் வாங்குகிறவள் என்று நினைப்பு. மலர்க்குழுத் தலைவரான உப்பு வியாபாரி, "அண்ணாச்சி வாயில பொய்யே வந்ததில்லன்னு மறக்காம போடுங்க" என்றார். போட்டுவிட்டேன். அது உண்மைதான். பொய் வராத வாயில் வேறு என்னவெல்லாம் வரவில்லை என்பதையும் சேர்த்துப் போடுகிறேன்.

கப்பல்காரர்களிடம் வாங்கியது, கொழும்பிலிருந்து வந்தது, சீதனத்துக்குக் கேட்டது என்று ஊரில் பாதிப் பேர் கையில் ஒரு சீமை வாட்ச்சும், மனத்தில் அது அசல்தானா என்ற சந்தேகமும் இருந்த காலம். சந்தேகம் வந்தவர்கள் எல்லாம் கடைவீதியில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்த அண்ணாச்சியிடம் போவார்கள். அவர் ஆளின் முகத்தைப் பார்க்க மாட்டார். மணிக்கட்டைத்தான் பார்ப்பார். "மூஞ்சி ஆயிரம் சொல்லும். மூடியத் திற" என்பார். லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டால் ராஜா வந்தாலும் நிற்க வேண்டியதுதான்.

மலர்க்குழுத் தலைவர் அவர்களே ஒரு நாள் நின்றிருக்கிறார். தம் தாத்தாவுக்கு வெள்ளைக்காரக் கேப்டன் பரிசளித்தது என்று ஒரு வாட்ச்சைக் கொண்டுவந்தார். அண்ணாச்சி திறந்து பார்த்துவிட்டு, "முள்ளு ஒரு தாய்க்கும் எழுத்து ஒரு தாய்க்கும் பொறந்திருக்கு. அதாவது போட்டும். கீழ விழுந்தா அடி தாங்குத ஸ்பிரிங்கு போட்டிருக்கான். இது வாரதுக்கு முன்னாலயே ஒங்க தாத்தா செத்தாச்சு. ஆவியா வந்து வாங்கினாகளோ?" என்றார். கடையே சிரித்தது. நானும் ஓரமாக நின்று சிரித்தேன். பிறத்தியார் மூடி திறக்கப்படும்போது சிரிப்பு தன்னால் வரும்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. திறந்து பார்த்த வாட்ச் ஒவ்வொன்றின் மூடிக்குள்ளும் ஊசியால் வருடத்தையும் தம் தீர்ப்பையும் கீறி வைப்பார். தீர்ப்புகள் இரண்டே. எல்லாம் ஒரே வாட்ச்சின் உறுப்பு என்றால் ‘சரி’. அங்கங்கே பொறுக்கிச் சேர்த்தது என்றால் ‘கலப்பு’. லென்ஸ் இல்லாமல் அந்த எழுத்தைப் படிக்க முடியாது.

எழுபத்தொன்றில் எனக்குக் கலியாணம் பேசினார்கள். மாப்பிள்ளை துறைமுக ஆபீசில் கிளார்க். சீமை வாட்ச் வேண்டும் என்றார்கள். என் அப்பா சூசை, தோணித் தண்டல். கொழும்புக்குச் சரக்குத் தோணி ஓட்டியவர். நான் பிறந்த நாற்பத்தெட்டில் கொழும்பில் புதிதாக வாங்கிய வாட்ச் அவர் கையில் இருந்தது. அதை வாங்கிய கதையை ஊரில் கேட்காதவர் கிடையாது. அதையே கழற்றித் தருவதாகச் சொன்னார். மாப்பிள்ளையின் தாய்மாமன், "எதுக்கும் வாட்ச் அண்ணாச்சிட்ட ஒரு வார்த்த கேட்டுருவோம்" என்றார். பெண்ணைச் சோதிக்காமல் வாட்ச்சைச் சோதித்த புண்ணியவான்கள்.

அண்ணாச்சி திறந்தார். வெகு நேரம் பார்த்தார். "கூடு நாப்பத்தெட்டுல செஞ்சது. உள்ள கெடக்க மிஷினு, நம்பரப் பாத்தா பத்து வருசம் முந்துனது. கலப்பு" என்றார்.

"அண்ணாச்சி, கடக்காரன் என் கண்ணு முன்னாலதான பெட்டிய ஒடச்சு எடுத்துத் தந்தான்" என்றார் அப்பா. 

"நம்பரு பொய் சொல்லாது தண்டல். மனுசந்தான் சொல்லுவான்."

இவ்வளவுதான் பேச்சு. ஊசியை எடுத்து மூடிக்குள் கீறினார். கலியாணம் அன்றைக்கே நின்றது. அந்த மாப்பிள்ளை போனதில் எனக்கு ஒரு நட்டமும் இல்லை. வாட்ச்சைக் கட்டிக்கொள்ள வந்தவன், வேறொன்றைக் கட்டிக்கொண்டு போகட்டும். ஆனால் அப்பாவின் பெயர் போனது. இருபது வருடமாகச் சொன்ன கதை பொய்யாகிவிட்டது. ஒன்று அவர் புளுகர், இல்லை ஏமாளி. "ஊருச் சரக்கையெல்லாம் கர சேத்தவரு ஒரு வாட்ச்சுல கவுந்துட்டாரு" என்றார்கள். "கலப்புத் தண்டல் வாராரு" என்று டீக்கடையில் குரல் கேட்கும். இதைப் படிக்கிற சிலருக்கு அந்தக் குரல் யாருடையது என்று தெரியும். அப்பா அந்த வாட்ச்சை மறுபடி கட்டவே இல்லை. இரண்டு வருடத்தில் சர்க்கரை வியாதியில் இறந்தார். அவமானத்தால் இறந்தார் என்று கதை கட்ட மாட்டேன். ஆனால் தலைகுனிந்து இறந்தார்.

அதற்கு மறு வருடம் அண்ணாச்சி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். "ஏளா, அந்த வாட்ச்ச ஒருதரம் குடு. எண்ணெ போட்டுத் தாரேன்."

கொடுத்தேன். மூன்றாம் நாள் கொண்டுவந்தார். கூலி வேண்டாம் என்றார். மணி கேட்டாலே கூலி கேட்கும் மனிதர்! போகாமல் வாசலிலேயே நின்றார். "தண்டல் நல்ல மனுசன்" என்றார்.

"அத எங்கிட்ட எதுக்குச் சொல்லுதிய? டீக்கடையில போயிச் சொல்லுங்க" என்றேன்.

திரும்பிப் போய்விட்டார். வாட்ச்சைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினேன்.

அவரை அடக்கம் செய்த மறுநாள், ஏனோ தெரியவில்லை, அதை எடுத்துச் சாவி கொடுத்தேன். ஓடவில்லை. அவர் கடை பூட்டிக் கிடந்ததால் திருச்செந்தூருக்கு பஸ் ஏறி, அங்கே ஒரு வாட்ச் கடையில் கொடுத்தேன். கடைக்காரர் மூடியைத் திறந்தார்.

"இது பாக்கியநாதன் அண்ணாச்சி எழுத்துல்லா? கலப்புன்னு எழுதி அடிச்சிருக்காவ. கீழ எழுபத்திநாலு போட்டு, சரின்னு எழுதியிருக்கு" என்றார். என் கையில் லென்ஸைக் கொடுத்தார். பார்த்தேன்.

"நம்பர் ஒத்துவரலையே?" என்றேன். உலகச் சண்டைக் காலத்தில் விற்காமல் கிடந்த மிஷின்களைக் கம்பெனிக்காரனே பிறகு புதுக் கூட்டில் போட்டு அனுப்பினானாம். "ஒரு கப்பல் இஞ்சினியரு கொண்டாந்த புஸ்தகத்துல இருந்துச்சாம். அண்ணாச்சிதான் எங்களுக்கெல்லாம் சொன்னாவ. நம்பரப் பாத்து ஏமாந்துராதியன்னு."

வாட்ச்காரர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறார். திருச்செந்தூர் வரை போய்ச் சொல்லியிருக்கிறார். எங்கள் வாசலில் வந்து நின்ற அன்றைக்கு மட்டும் வாய் வரவில்லை. தொழில் செய்கிறவன் தவறலாம், அதற்காக நான் அவரை வெறுக்கவில்லை. தவறை நாலு பேர் முன்னால் சத்தமாகச் செய்துவிட்டு, திருத்தத்தை யாரும் திறக்காத மூடிக்குள் ஊசியால் கீறிய அந்தக் கோழைத்தனத்தை வெறுக்கிறேன். அந்த ஒரு சொல்லை வாசலில் நின்று சொல்லியிருந்தால் காபி போட்டுக் கொடுத்திருப்பேன்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ‘சரி’ என்ற இரண்டு எழுத்து. ஞாயிற்றுக்கிழமை நினைவுக் கூட்டத்துக்கு அவற்றைக் கொண்டுவருகிறேன். அவர் படத்துக்கு முன்னால் மேசையில் வாட்ச்சை வைத்து, மூடியைத் திறந்து, பக்கத்தில் ஒரு லென்ஸும் வைப்பேன். என் அப்பாவைக் கலப்புத் தண்டல் என்று கூப்பிட்டவர்கள் வரிசையாக வந்து படித்துவிட்டு, பிறகு மாலை போடுங்கள்.